மாமன்னர் வில்வராசாவின் இருட்டுக்காலம்

நவம்பர் 24

இன்று எமது அரசவையிலிருந்து இருவர் விலகினர். ஒருவர் சூரியன். மற்றவர் என் மனைவி பவளராணி. சூரியன் தை பிறந்து ஒரு கிழமை போனபின் திரும்புவார். பவளம் எப்போது திரும்புவாள் என்பது ஒஸ்லோவில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் எங்கள் மகள் நிருஷாவைப் பொறுத்தது.

நாம் ஆளும் நாடு நோர்வேயின் வடக்கு ஓரம். இதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் பனி, பனிக்கு அப்பால் உலகப்படம் வரைந்தவரே சலித்துப்போய்த் தாளை முடித்துவிட்டார். இங்கே இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. மீன் தொழிற்சாலை மட்டும் எழும்பும். அதில் கொட் மீனின் முதுகெலும்பை உருவும் பணியில் நான் இருபத்தெட்டு வருடமாகச் சக்கரவர்த்தி.

வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு பவளம் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டது, விற்றமின் குளிசை போட்டதோ, அந்த வெளிச்சப் பெட்டிக்கு முன்னாலை இருந்ததோ எண்டு எழுதி வையுங்கோ. இருட்டுக்காலத்திலை உங்களுக்கு ஒண்டும் நினைவிலை நிக்காது.”

மறதியா, எனக்கா? ஐந்தாம் வகுப்பில் என்னை அடித்த வாத்தியாரின் பிரம்பில் எந்தக் கணு பெரியது என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆனாலும் மனைவி கேட்டால் மாமன்னனும் எழுதத்தான் வேண்டும். ஆகவே வருங்காலச் சந்ததியினரே, இது அரச நாட்குறிப்பு.

சாப்பாடு: பாணும் மீன் குழம்பும். குளிசை: போட்டேன். வெளிச்சப் பெட்டி, அதாவது சூரியனுக்குப் பதிலாக இங்கே விற்கும் விளக்கு: அரை மணி நேரம். ஒரு சிறு சூரியனை மேசையில் வைத்து முறைத்துப் பார்த்தேன். அது முதலில் கண்ணை மூடியது.

நவம்பர் 29

வெளிச்சப் பெட்டியைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொடுத்துவிட்டேன். வாடியது அதுதான், நானில்லை.

டிசம்பர் 4

வேலைக்குப் போனேன். வந்தேன். வாசலில் பனி தள்ளினேன். நான் தள்ளத் தள்ள வானம் திருப்பித் தள்ளியது. ஆறேழு நூற்றாண்டுகள் இப்படிப் போர் நடந்திருக்கும். பிறகு வானம் களைத்தது, நான் வீட்டுக்குள் வந்தேன்.

கடைக்குப் போய் வெங்காயம் வாங்கினேன்.

சாப்பாடு: பாண்.

டிசம்பர் 7

வெங்காயம் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் ஏற்கெனவே இரண்டு பை. யாரோ நம் கோட்டைக்குள் புகுந்து வெங்காயம் வைத்துவிட்டுப் போகிறார்கள். திருடன் எடுப்பான், இவன் வைக்கிறான். உலக வரலாற்றில் இப்படி ஒரு குற்றம் பதிவானதில்லை.

சாப்பாடு: பாண்.

டிசம்பர் 12

தொழிற்சாலையில் தேநீர் நேரத்தில் எங்கள் தமிழ்ப் பெடியள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் வில்லு மாமா. ஆறு வயதுக்காரனுக்கும் மாமா, அவனுடைய அப்பனுக்கும் மாமா.

“வில்லு மாமா, அந்தச் சுறாக் கதையைச் சொல்லுங்கோ!”

காரைநகர்க் கடலில் நான் ஒரு சுறாவோடு நேருக்கு நேர் பேரம் பேசிய வரலாறு அது. நானே பெற்று வளர்த்த கதை. முந்நூறு தரமாவது சொல்லியிருப்பேன். சுறா வாயைத் திறக்கிறது, நான் சட்டைப்பையில் கையை விடுகிறேன்... அங்கே நின்றுவிட்டேன். கையில் என்ன எடுத்தேன் என்று வரவில்லை. பெடியள் வாயைப் பார்த்தபடி இருந்தார்கள். சுறாவும் வாயைத் திறந்தபடியே இருந்தது.

“மிச்சம் நாளைக்கு” என்றேன். கலைஞன் முழுவதையும் ஒரே நாளில் கொடுக்கக் கூடாது.

எதிரே இருந்த மார்க்கண்டு என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. அவன் என்னோடு ஒரே நாளில் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தவன், நான் மச்சான் என்று அழைக்கும் ஒரே நண்பன். ஏளனமாகப் பார்த்தான். அல்லது பசியாக இருந்திருக்கும். இப்போதெல்லாம் எல்லாருடைய முகமும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது, சண்டைக்கு வருகிறவர்களின் முகம் மாதிரி.

டிசம்பர் 16

நித்திரை கொண்டேன். எழும்பினேன். இன்னும் களைப்பு. திரும்பவும் நித்திரை கொண்டேன். கும்பகர்ணன் எனக்கு முன்னால் ஒரு சாதாரணக் காவல்காரன்.

டிசம்பர் 20

எமது வம்சம் தழைத்தது! ஒஸ்லோவில் நிருஷாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பவளம் தொலைபேசியில் அழுதுகொண்டே சிரித்தாள். மருமகன் கஜன் படம் அனுப்பினான்.

படத்தைப் பார்த்தேன். நன்றாக அவித்த உருளைக்கிழங்குக்குக் கம்பளித் தொப்பி போட்டதுபோல் இருக்கிறாள் என் பேத்தி. இதைப் பவளத்திடம் சொன்னேன், சிரித்தாள். சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னேன்.

சந்தோஷம். எழுதவேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன்: சந்தோஷம்.

டிசம்பர் 22

படத்தை இன்றும் எடுத்துப் பார்த்தேன். தேநீர் ஊற்றும்போது பார்த்தேன், சப்பாத்துக் கட்டும்போது பார்த்தேன். ஊர்க்காரர் ஒருவரின் குழந்தையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. “நல்ல பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல.

யோசித்துப் பார்த்தேன். நிருஷா பிறந்தபோதும் இப்படித்தான். இந்த ஊர் ஆஸ்பத்திரியின் நீண்ட நடைபாதை. ஈரச் சட்டையோடு ஒரு கதிரையில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. ஒருத்தி வந்து ஏதோ சொன்னாள், நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆக, நான் பிறவியிலேயே கல். பல்லவர்கள் இன்று இருந்திருந்தால் என்னைக் குடைந்து கோயில் கட்டியிருப்பார்கள்.

சாப்பாடு: மறந்துவிட்டது. அதாவது, சாப்பிட்டேனா என்பது.

டிசம்பர் 28

பவளம் தொலைபேசியில் எடுத்தாள். “ஜனவரி பத்தொன்பதிலை முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிச்சு, பிள்ளைக்குப் பேர் வைக்கிறம். பேத்தியின்ரை காதிலை தாத்தாதான் பேரைச் சொல்லவேணும் எண்டு நிருஷா ஒற்றைக்காலிலை நிக்கிறாள். பிளேன் ரிக்கற் போட்டாச்சோ?”

“லீவு தரமாட்டினமாம். மீன் சீசன் துவங்குது” என்றேன்.

“கேட்டனீங்களோ?”

“கேட்டனான். ரொல்ஃப் காலிலை விழாத குறை. ‘வில்வா, நீ போனால் நோர்வேயின் மீன் ஏற்றுமதி படுத்துவிடும், மன்னர் எனக்குத் தந்தி அடிப்பார்’ எண்டு அழுதவன்.”

அவள் சிரிக்கவில்லை.

ரொல்ஃப் எங்கள் மேற்பார்வையாளன். அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சபை நிறைய ஆட்கள், நடுவே ஒரு பிள்ளை, அதை என் மடியில் வைப்பார்கள், வைத்துவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தில் என்னத்தைக் கொண்டுபோய் வைப்பது?

ஜனவரி 3

நிருஷா எடுத்தாள். பேச்சுக்கு இடையில், “பிள்ளைக்கு என்ன பேர் யோசிச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“அப்பா, நேற்றுச் சொன்னனான். நீங்கள்தான் ‘நல்ல பேர், அரசிக்கு ஏற்ற பேர்’ எண்டு சொன்னனீங்கள்.”

“உன்னைச் சோதிச்சுப் பார்த்தனான், நீ மறந்துபோட்டியோ எண்டு.”

“ஓம் அப்பா” என்றாள், மெதுவாக.

இம்முறை கையோடு எழுதி வைக்கிறேன். பேர்: அமரா. அமரா. அமரா.

ஜனவரி 9

துரோகம்!

மார்க்கண்டு இன்று மீன் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, “எப்ப மச்சான் ஒஸ்லோவுக்கு வெளிக்கிடுறாய்?” என்றான். லீவு இல்லை என்றேன். அவன் நேரே ரொல்ஃபிடம் போய்க் கேட்டிருக்கிறான். ரொல்ஃப் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, “வில்வா, உனக்குப் பேத்தி பிறந்ததையே எனக்கு இவன்தான் சொல்கிறான். ஏன் கேட்கவில்லை? ஒரு கிழமை போய்வா” என்று தோளில் தட்டினான். பெடியள் எல்லாரும் பார்த்தார்கள்.

“ஏனடா பொய் சொன்னனி?” என்றான் மார்க்கண்டு.

“நான் எப்பவும் பொய்தானே சொல்லுறனான்.”

“இல்லை. நீ புளுகுவாய். இது பொய்.”

இந்த வித்தியாசத்தை வகுத்துக் கொடுக்க இவன் யார்? இன்றோடு அவனுக்கும் எனக்கும் உறவு முறிந்தது. தூதுவர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். எல்லைகள் மூடப்பட்டன.

ஜனவரி 11

நித்திரை.

ஜனவரி 13

நாளை பொங்கல். மார்க்கண்டு வீட்டில்தான் எல்லாரும் கூடுவது. அவன் மனைவி தெய்வானைக்குச் செய்தி அனுப்பினேன்: “எமக்குத் துடக்கு. பேத்தி பிறந்ததால் பொங்கலுக்கு வரமுடியாது.” தீட்டு என்றால் தீட்டுத்தான்; சமய நெறியில் நான் எப்போதும் மலை போல் நிற்பவன்.

ஜனவரி 14

காலையிலேயே கதவைத் தட்டினாள் தெய்வானை. தொப்பியில் பனி, கையில் வெறும் பானை.

“அண்ணை, என்ன துடக்கு உங்களுக்கு?”

“பேத்தி பிறந்த துடக்கு.”

“அது கஜன்ரை ஆக்களுக்கு. மகளைக் கட்டிக் குடுத்தாப் பிறகு அவள் வீட்டுத் துடக்கு உங்களுக்கு என்னெண்டு வரும்? என்னட்டையே சட்டம் கதைக்கிறியளோ? சப்பாத்தைப் போடுங்கோ.”

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யோசனை பிந்தி வந்தது.

மார்க்கண்டு வீட்டுக் கார் கொட்டகையில் கதவை மேலே தூக்கிவிட்டு, காஸ் அடுப்பில் பானை ஏற்றினார்கள். மணி பதினொன்று. எல்லாரும் கம்பளிக்குள் உருண்டு நின்றார்கள். ஒவ்வொரு வருடமும் அங்கே ஒரு வழக்கு நடக்கும். பானையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? கிழக்கில் பார்த்தால் கருஞ்சுவர் மாதிரி இருட்டு. இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சம் தெற்கில், கடலுக்கு மேலே ஒரு நீலக்கோடாகக் கிடக்கும். தெற்கோ யமன் திசை. சூரியனுக்குப் படைப்பதை யமனுக்குக் காட்டலாமா? இதற்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி ஆண்டாண்டு காலமாக நான்தான். ஒரு வருடம் “சூரியன் பூமிக்கு அடியிலை நிக்கிறார், பானையைக் கவிழ்த்து வையுங்கோ” என்றேன். இன்னொரு வருடம் “யமன் சூரியன்ரை மகன்தானே, தகப்பன்ரை பங்கை மகன் வாங்கி வைப்பான்” என்றேன். அன்று கொட்டகை சிரிப்பில் குலுங்கியது.

இன்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “வில்லு மாமா, தீர்ப்பு!”

“உங்களுக்கு விருப்பமான பக்கம் வையுங்கோ” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தெய்வானை பானையைக் கிழக்கே திருப்பி வைத்தாள். பால் பொங்கியது. “பொங்கலோ பொங்கல்” என்று குரல்கள் எழும்பின. நான் வாயை மட்டும் அசைத்தேன்.

சாப்பிடும்போது மார்க்கண்டு பக்கத்தில் வந்து இருந்தான். எல்லைகள் மூடப்பட்டதை அவனுக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும்.

“ஏன் போகமாட்டன் எண்டுறாய்?”

அவ்வளவு நேரம் குளிரில் நின்றதாலோ என்னவோ, உண்மை வழுக்கி விழுந்துவிட்டது. “பிள்ளையின்ரை படத்தைப் பார்க்க எனக்கு ஒண்டும் தோன்றேல்லை, மச்சான். நிருஷா பிறக்கேக்கையும் ஒண்டும் தோன்றேல்லை. நான் அப்பிடித்தான்.”

மார்க்கண்டு சோற்றை விழுங்காமல் என்னைப் பார்த்தான். “நிருஷா பிறக்கேக்கை உனக்கு ஒண்டும் தோன்றேல்லையோ? டேய், நீ அண்டைக்குத் தொழிற்சாலைக்கு ஓடி வந்து, சிவப்புப் பொத்தானை அமத்தி மெசினை நிப்பாட்டினனி. ஓடுற பட்டியிலை அவ்வளவு மீனும் நிண்டுது. எல்லாரும் ஆருக்கோ கை வெட்டுப்பட்டுப் போச்சு எண்டு பதறி ஓடி வாறம், நீ மேசையிலை ஏறி நிண்டு ‘மகள்! மகள்!’ எண்டு கத்துறாய். அப்ப இருந்த முதலாளி உன்னைத் திட்ட வந்தவன், நீ அவனைக் கட்டிப்பிடிச்சு அவன்ரை சட்டை முழுக்க மீன் செதில்.”

நான் சிரித்தேன். “உதை ஆருக்கு விடுறாய்? உது நான் சொல்லுற கதை மாதிரிக் கிடக்கு. ஆஸ்பத்திரி நடைபாதையிலை தனிய இருந்தனான். வெளியிலை கும்மிருட்டு. எனக்கு நல்லா நினைவிருக்கு.”

தெய்வானை அகப்பையோடு திரும்பினாள். “என்ன இருட்டு அண்ணை? நிருஷா ஆனி மாசம் பிறந்தவள். அந்த மாசம் இஞ்சை சூரியன் மறையிறதே இல்லை. இரவு ரண்டு மணிக்கு நான் உங்கடை வீட்டு முற்றத்திலை, வெயிலுக்குள்ளை, பவளக்காவின்ரை துணி காயப் போட்டனான்.”

அந்த நடைபாதை இப்போதும் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. ஜன்னலில் இருட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் நிருஷா ஆனியில் பிறந்தவள்தான்.

“நீ என்னைத் தேற்றுறதுக்காகக் கட்டிச் சொல்லுறாய்” என்றேன் மார்க்கண்டுவிடம்.

“மச்சான், உன்ரை புளுகிலை எப்பவும் நீதான் வெல்லுவாய். சுறா தோக்கும், ஆமி தோக்கும், புயல் தோக்கும். இந்தக் கதையிலை நீ மேசையிலை இருந்து இறங்கத் தெரியாமல் அழுதுகொண்டு நிண்டனி. நான்தான் தூக்கி இறக்கினனான். உப்பிடி ஒரு கதையை நீ எங்கையாவது சொன்னனியோ?”

சொன்னதில்லை.

ஜனவரி 15

நேற்று எழுதியதை வாசித்தேன். நெடுநேரம் யோசித்தும் அந்தச் சிவப்புப் பொத்தான் நினைவுக்கு வரவில்லை. மேசையும் வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பார்த்த ஒரு படத்தில் நான் நடித்திருக்கிறேன், எனக்கு மட்டும் தெரியாது.

பவளத்துக்கு எடுத்தேன். அலங்காரம் எதுவும் இல்லாமல் சொன்னேன், லீவு கேட்கவில்லை என்று, பிள்ளையின் படத்தைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை என்று, விளக்கு கறிவேப்பிலைக்குப் போய்விட்டது என்று.

அவள் அதிரவில்லை. “ஒவ்வொரு மார்கழியும் நீங்கள் என்னட்டை வந்து, ‘பவளம், நாங்கள் ஒரு நாளும் சந்தோஷமா இருக்கேல்லை, என்ன?’ எண்டு கேக்கிறனீங்கள். தெரியுமோ?”

“நானோ?”

“ஓம். பங்குனி வர ஒண்டும் தெரியாத மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு திரிவியள். முந்தியெல்லாம் குசினிக்குள்ளை போய் அழுவன். இப்ப தை முடியுமட்டும் நீங்கள் சொல்லுற ஒண்டையும் நான் கணக்கிலை எடுக்கிறேல்லை. இந்த முறை பக்கத்திலை நான் இல்லை, அதுதான் பயந்தனான்.”

“அங்கை வந்து, பிள்ளையைத் தூக்கி, அப்பவும் ஒண்டும் தோன்றேல்லை எண்டால்?”

“சந்தோஷத்தோடை வாங்கோ எண்டு ஆர் கேட்டது? உடம்போடை வாங்கோ. டொக்டரிட்டைப் போயிட்டு வாங்கோ.”

ஜனவரி 16

டொக்டர் ஒரு சின்னப் பெண். என் சப்பாத்தின் வயது இருக்கும். இருட்டுக்காலம் சிலருடைய மனத்தை இப்படி அமுக்கிவிடும் என்றாள். புதிது தங்காது, பழையதில் நல்லது மேலே வராது, வருவதும் இன்றைய நிறத்தைப் பூசிக்கொண்டு வரும். முகங்கள்கூடக் கோபமாகத் தெரியும். மறதி நோய் இல்லை, மனச்சோர்வு, வைத்தியம் இருக்கிறது, சுகப்படுத்தலாம் என்றாள்.

“உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா?” என்று நேராகக் கேட்டாள்.

“அம்மா, யமதர்மன் என் பெயரைக் கேட்டாலே எருமையைத் திருப்பிக்கொண்டு...” என்று தொடங்கினேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். “இல்லை” என்றேன். “களைப்பு மட்டும்.” அதையும் எழுதிக்கொண்டாள்.

மருந்து தந்தாள். விளக்கின் முன் தினமும் காலையில் நானே இருக்கவேண்டுமாம், செடி இருந்தால் பலனில்லையாம். திரும்பி வந்ததும் தன்னை வந்து பார்க்கச் சொன்னாள்.

ரிக்கற் போட்டேன்.

ஜனவரி 18

சிறு விமானம், பிறகு பெரிய விமானம். பாதி வழியில் முகில்களுக்கு மேலே சூரியன் தெரிந்ததாம், பக்கத்து இருக்கைப் பெண்மணி சொன்னாள். எட்டு வாரம் காத்திருந்த மாமன்னர் வாயைப் பிளந்து நித்திரை.

ஜனவரி 19

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு ஓடியதுபோல் இருந்தால் சந்ததியினர் பொறுத்தருள்க.

வீடு நிறைய ஆட்கள். கஜனின் உறவுக்காரர், நிருஷாவின் சிநேகிதிகள், வடைச் சட்டி, புகைப்படக்காரன். பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். நான் பயந்தபடியே எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பயந்தபடியே உள்ளே ஒன்றும் இல்லை. குனிந்து, காதில் மூன்று முறை “அமரா” என்றேன். பேரை மறக்கவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழும்பிப் போனபிறகு நிருஷா வந்து பக்கத்தில் இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “அப்பா, உங்களுக்கு ஒண்டும் தோன்றேல்லையாம் எண்டு அம்மா சொன்னவ” என்றாள்.

உலகத்தில் உள்ள அத்தனை புளுகுகளையும் அவசரமாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. “ஓம் பிள்ளை” என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். நான்தான் அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“எனக்கும் அப்பா” என்றாள். “பிறந்த உடனை நெஞ்சிலை வைச்சவை. ஆரோ ஒரு பிள்ளை எண்டுதான் இருந்தது. மூண்டு கிழமை அப்பிடி. எல்லாரும் வந்து ‘சந்தோஷமோ, சந்தோஷமோ’ எண்டு கேக்கினம். ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்கும் கஜனுக்கும்கூட. உங்கடை கதையை அம்மா சொன்னாப் பிறகுதான், இப்பிடி ஆக்கள் இருக்கினம், நான் மட்டும் இல்லை எண்டு தெரிஞ்சுது.”

“இப்ப?”

“இப்ப கொஞ்சம். ஒரு நாள் வருது, ஒரு நாள் இல்லை.” கண்ணைத் துடைத்தாள். “நித்திரைதான் இல்லை அப்பா.”

“நாளைக்கு ரண்டு பேரும் அம்மாவுக்குச் சொல்லுவம். இஞ்சையும் டொக்டர் இருப்பினம். நானும் வாறன்” என்றேன். “இப்ப நீ போய்ப் படு. பிள்ளை என்னோடை இருக்கட்டும்.”

“அழுதால்?”

“அழட்டும். எங்கடை குடும்பத்திலை ஒருத்தராவது வாயைத் திறந்து அழட்டும்.”

சிரித்துக்கொண்டு எழும்பிப் போனாள். அறைக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு சத்தமே இல்லை. உடனே தூங்கிவிட்டாள் போலிருக்கிறது.

பின்னேரம் ஆகிவிட்டது. ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அமரா என் வலது கையில் நித்திரை. மூச்சு விடும்போது மூக்கில் ஒரு சின்ன விசில் வருகிறது, ஒரு பக்கத்து மூக்கில் மட்டும். கை விறைத்துப்போய் வெகுநேரம். கஜன் வந்து கேட்டான், கொடுக்கவில்லை. பவளம் வந்து, “தாங்கோவன், கை நோகும்” என்றாள். தலையாட்டி மறுத்தேன்.

“ஏன்?” என்றாள்.

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.